மாசியில் உங்களுக்கு அறுபது

நிஷி கசாய், டோக்கியோ
18.1.2026

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? போனை எடுத்ததும் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

போன வாரம், “இனிமே என்ன, பையைக் கழற்றி மாட்டிட்டுத் திண்ணையில உட்கார வேண்டியதுதான்” என்றீர்கள். கண்டக்டர் பையைத் தாராளமாகக் கழற்றுங்கள். திண்ணைதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

இங்கே 12ஆம் தேதி இருபது வயதுக்காரர்களுக்கு விழா. சட்டப்படி 2022லிருந்து பதினெட்டிலேயே பெரியவர்கள்தான். ஆனாலும் பல ஊர்களில் விழா இருபதுக்குத்தான். ரயில் முழுக்கப் பட்டுக் கிமோனோ. ஒரு பெண் தரையைத் தொடும் கிமோனோக் கைகளைச் சுருட்டி மடியில் வைத்து, மேலே கைக்குட்டை விரித்து, ஒரு பருக்கை சிந்தாமல் சோற்று உருண்டை தின்றுகொண்டிருந்தாள். அந்த வயதில் நான் உங்களைக் கிழவர் என்றுதான் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டால் அப்போது உங்களுக்கு நாற்பத்து நான்கு! எனக்கு இப்போது முப்பத்தாறு ஆகிறது, ஆபீசில் புதிதாக வந்த பையன்கள் என்ன நினைக்கிறார்களோ.

வண்டிகளிலும் வயது ஒட்டியிருக்கும். புதிதாக லைசென்ஸ் எடுத்தவர் ஒரு வருஷம் பச்சையும் மஞ்சளுமாக இளந்தளிர் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். எழுபது தாண்டியவர்களுக்கு முன்பு இலையுதிர்கால இலை மாதிரி ஒன்று இருந்தது. ‘சருகு என்கிறீர்களா?’ என்று பெரியவர்கள் முணுமுணுக்க, 2011இல் நான்கு வண்ணத்தில் வேறு படம் கொண்டுவந்தார்கள். ரோஷம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில் எழுபத்தாறு வயதுக்காரர் ஒருவர் வேலை பார்க்கிறார். சைக்கிள்களை நூல் பிடித்த மாதிரி அடுக்குவார். வாரத்தில் மூன்று நாள். பென்ஷன் போதவில்லை, வீட்டிலும் யாருமில்லை என்றார். இந்த ஊரை ரொம்பவும் புகழ முடியாது அப்பா. உங்களுக்கு அந்த நிலை வர வேண்டாம். ஆனால் காலை ஆறரைக்கு ரேடியோ வைத்துப் பூங்காவில் கைகால் நீட்டுகிறார்களே, அதில் ஒருநாள் நானும் நின்றேன். குதிக்கிற இடத்தில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது, பக்கத்துப் பாட்டிக்கு இல்லை.

ஒரு வேடிக்கை. இவர்களுக்கும் அறுபது வருஷச் சக்கரம் உண்டு. நீங்கள் பிறந்த விசுவாவசு திரும்பி வந்திருக்கிற மாதிரி, இவர்களுக்கு 1966இன் நெருப்புக் குதிரை இந்த வருஷம் வந்திருக்கிறது. அதில் பிறந்த பெண் புருஷனுக்கு ஆகாது என்ற பயத்தில் அந்த ஆண்டு பிறப்பே கால்வாசி குறைந்துபோனதாம். நம் மூல நட்சத்திரக் கதைதான். சக்கரம் சுற்றி முடிந்தால் மறுபடி குழந்தை என்று, அறுபது ஆனவருக்குச் சிவப்புத் தொப்பியும் கையில்லாத பஞ்சுச் சட்டையும் போட்டுவிடுகிறார்கள். முன்பு கைக்குழந்தைக்குப் போட்ட நிறமாம்.

அதில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். மாசி வெயிலுக்கு ஆகாது, போட்டோவுக்கு மட்டும் போடுங்கள். திருக்கடையூரில் மண்டபம் சொல்லியாகிவிட்டதா? தேதி முடிவானதும் சொல்லுங்கள், நான் லீவு எழுதிக் கொடுக்க வேண்டும்.

அன்பு மகன்,
செல்வம்