ஒரு சாசனத்துக்குக் கொடுக்கும் வாக்கு

அன்புள்ள முரளிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, சாயங்காலம் பார்க் வரை நடந்துவிட்டு வருகிறார். நீ அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வில் தேறிவிட்டதாகச் சொன்னதில் சந்தோஷம்தான். ஆனால் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய உறுதிமொழி வாசகத்தைப் படித்ததிலிருந்து அப்பா அதிகம் பேசவில்லை. எந்த அயல்நாட்டு அரசனுக்கும் அரசுக்கும் உள்ள விசுவாசத்தை அடியோடு துறக்கிறேன் என்று வருகிறதே, அங்கேயே நின்றுவிட்டார். "அப்போ நாமும் அதில் அடக்கம்தானே?" என்று கேட்டார். அடுத்த வரியையும் படியுங்கள் என்றேன். அவரிடம் சொன்னதையெல்லாம் உனக்கும் எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று மீட்டிங்குக்கு ஓடிவிடுவாய்.

அந்தத் துறக்கிற வரி 1795-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. வாஷிங்டன் அதிபராக இருந்த காலம். எழுதியவர்களே சில வருஷங்களுக்கு முன்புவரை இங்கிலாந்து ராஜாவின் குடிகள். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி ராஜாவின் மண்ணில் பிறந்தவன் சாகும்வரை அவருடைய ஆள், அவனாக விலகிக்கொள்ள வழியில்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்த மாலுமிகளைக்கூட "நீ பிறப்பால் ஆங்கிலேயன்" என்று சொல்லி நடுக்கடலில் பிடித்துத் தங்கள் கப்பலில் வேலைக்கு இழுத்துப் போனார்கள். 1812-இல் இரண்டு நாடுகளும் மறுபடி சண்டைக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். பிறந்த இடத்தோடு விசுவாசம் முடிந்துபோவதில்லை, யோசித்து மாற்றிக்கொள்ளலாம் என்பது அன்றைக்குப் பெரிய துணிச்சல். அப்பாவை உறுத்துகிற வரி அந்தத் துணிச்சலில் பிறந்தது.

அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் ஜான் லாக் என்ற ஆங்கிலேயர் இருக்கிறார். மனிதனுக்கு உயிர், சுதந்திரம், உடைமை ஆகியவற்றின் மேல் உள்ள உரிமை அரசாங்கம் கொடுத்து வந்ததல்ல, அதைக் காப்பாற்றத்தான் மக்கள் சம்மதித்து அரசாங்கத்தை வைத்துக்கொள்கிறார்கள், நம்பிக்கைத் துரோகம் செய்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று 1689-இல் வெளியான புத்தகத்தில் எழுதினார். 1776-இல் ஜெஃபர்சன் வரைந்த சுதந்திரப் பிரகடனத்தை ஒரு தடவை முழுசாகப் படித்துப் பார். எல்லோரும் மேற்கோள் காட்டுகிற அழகான பத்தி சின்னதுதான். பெரும்பகுதி ராஜா செய்த குற்றங்களின் பட்டியல், ஒரு வக்கீல் நோட்டீஸ் மாதிரி. ஒப்பந்தத்தை மீறியது நீ, அதனால் எங்களுக்கு இனி உன்னிடம் விசுவாசம் கிடையாது என்று முடிகிறது. எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய அதே கை, வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாக வைத்திருந்தது. அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

ராஜாவைத் தள்ளியாகிவிட்டது. பிறகு யாரை நம்புவது? முதலில் மாநிலங்களின் தளர்ந்த கூட்டு ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். மத்திய அரசுக்கு வரி போடும் அதிகாரம்கூட இல்லை, போர்க்கடனைக் கட்ட வழியில்லை. மாசசூசெட்ஸில் கடனும் வரியும் நெருக்கிய விவசாயிகள் துப்பாக்கியோடு நீதிமன்றங்களை மறித்தார்கள். இப்படியே விட்டால் குடியரசு தாங்காது என்ற பயத்தில்தான் 1787 கோடையில் பிலடெல்பியாவில் கூடி அரசியல் சாசனத்தை எழுதினார்கள். கதவை அடைத்து, வாசலில் காவல் போட்டு, நான்கு மாதம் போல வாதாடினார்கள். 55 பேர் வந்தார்கள். கடைசியில் கையெழுத்துப் போட்டது 39 பேர். ரோட் ஐலண்ட் மாநிலம் ஆளே அனுப்பவில்லை.

அந்தக் கூட்டத்துக்கு வீட்டுப்பாடம் முடித்து வந்த பையன், பின்னாளில் அதிபரான ஜேம்ஸ் மேடிசன். பாரிஸிலிருந்து ஜெஃபர்சன் அனுப்பிய புத்தகப் பெட்டிகளை வைத்துக்கொண்டு, பழைய கிரேக்கக் கூட்டாட்சிகளிலிருந்து டச்சுக்காரர்கள் வரை ஒவ்வொன்றும் ஏன் நொடித்தது என்று குறிப்பு எடுத்து வைத்திருந்தார். அவர் கண்டுகொண்டது எனக்குப் பிடிக்கும். கெட்ட ராஜா மட்டும் ஆபத்தில்லை, பெரும்பான்மையாகச் சேர்ந்துகொண்ட நல்ல மனிதர்களும் ஆபத்துதான். பிறகு சாசனத்தை ஆதரித்து நியூயார்க் பத்திரிகைகளில் ஹாமில்டன், ஜே இருவரோடும் சேர்ந்து புனைபெயரில் எழுதிய 85 கட்டுரைகளில் ஒன்றில், மனிதர்கள் தேவதைகளாக இருந்தால் அரசாங்கமே தேவைப்பட்டிருக்காது என்றார். நல்லவர்கள் வருவார்கள் என்று நம்பி வீடு கட்டாதே, ஒருவருடைய பேராசை இன்னொருவருடைய பேராசையைத் தடுக்கிற மாதிரிக் கட்டு என்பது அவர் கணக்கு.

நம் ஊர்க் கோயில் உண்டியல் அப்பாவுக்குத் தெரியும் என்பதால் அவரிடம் அதைச் சொன்னேன். அறங்காவலரிடம் ஒரு சாவி, அறநிலையத் துறை அதிகாரியிடம் ஒரு சாவி. இருவரும் திருடர்கள் என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் இருவரும் வந்தால்தான் திறக்கும். அமெரிக்காவிலும் அப்படித்தான். சட்டம் போடுவது காங்கிரஸ், அதாவது அவர்களுடைய நாடாளுமன்றம். அதிபர் மறுக்கலாம், இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் காங்கிரஸ் அந்த மறுப்பையும் தாண்டலாம். நீதிபதியை அதிபர் முன்மொழிவார், காங்கிரஸின் மேலவையான செனட் ஒப்ப வேண்டும், பதவியில் உட்கார்ந்துவிட்டால் இருவராலும் லேசில் அசைக்க முடியாது. 1974-இல் அதிபர் நிக்சன் தன் அறையில் பதிவான ஒலிநாடாக்களைத் தரமாட்டேன் என்றபோது உச்ச நீதிமன்றம் 8-0 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அந்த எட்டில் மூன்று பேர் அவரே நியமித்தவர்கள். இரண்டு வாரத்துக்குச் சற்று மேல் ஆனதும் நிக்சன் பதவியை விட்டு இறங்கினார்.

இதைக் கேட்டு அந்த ஏற்பாடு தானாக ஓடுகிற இயந்திரம் என்று நினைத்துவிடாதே. மேடிசன் கணக்கில் சேர்க்காத ஒன்று கட்சி. காங்கிரஸ்காரருக்குத் தன் சபையின் அதிகாரத்தைவிடத் தன் கட்சி அதிபர் முக்கியமாகிவிட்டால், சாவி வைத்திருப்பவர்கள் கூட்டாளிகளாகிவிடுகிறார்கள். அப்புறம் அந்த செனட். சின்ன மாநிலங்கள் கோபித்துக்கொண்டு போய்விடும் என்பதால் ஆளுக்கு இரண்டு இடம் என்று சமரசம் செய்தார்கள். இன்று ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு, நாலு கோடியை ஒட்டி நிற்கும் கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு. இதற்கு எத்தனை விளக்கம் சொன்னாலும் எனக்கு ஒப்பவில்லை.

செனட் சமரசமாவது பொறுத்துக்கொள்ளலாம். இன்னொரு சமரசத்தை அப்படிச் சொல்ல முடியாது. தென் மாநிலங்களைக் கூட வைத்துக்கொள்வதற்காக, அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கச் சம்மதித்தார்கள். ஓட்டு அடிமைக்கு இல்லை, அவனால் காங்கிரஸில் கூடுகிற இடங்கள் எஜமானனின் மாநிலத்துக்கு. 1808 வரை அடிமை இறக்குமதியைத் தடுக்கக் கூடாது, தப்பி ஓடியவனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். வில்லியம் லாயிட் கேரிசன் என்ற அடிமை ஒழிப்புக்காரர் இது நரகத்தோடு செய்த ஒப்பந்தம் என்று சொல்லி 1854-இல், ஜூலை நாலாம் தேதி, கூட்டத்தின் நடுவே சாசனத்தைக் கொளுத்தினார். அவருடைய பழைய சகா ஃபிரெடெரிக் டக்ளஸ், அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர். அவர் கொளுத்தவில்லை. இந்த வாசகத்தை நேர்மையாகப் படித்தால் அடிமைமுறைக்கு எதிராகவே பயன்படுத்தலாம் என்றார். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் எல்லோரும் கேரிசன் பக்கம் போவார்கள், நெருப்பு என்றால் கவர்ச்சிதானே. நான் டக்ளஸ் பக்கம். உள்நாட்டுப் போரில் ஆறு லட்சம் பேருக்கு மேல் செத்த பிறகு வந்த 13, 14, 15-ஆம் திருத்தங்கள் அவர் சொன்ன திசையில்தான் போயின. அந்த மண்ணில் பிறந்தவர் குடிமகன், சட்டத்தின் முன் எவருக்கும் சமப் பாதுகாப்பு என்கிற பதினாலாவது 1868-இல் வந்தது.

இதிலே நம் ஆட்கள் எங்கே என்று கேட்பாய். 1790-ஆம் வருஷச் சட்டப்படி, வந்து குடியேறுகிறவர்களில் "சுதந்திரமான வெள்ளையர்" மட்டுமே குடியுரிமை பெறலாம். சாசனத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை, காங்கிரஸ் போட்டது. பஞ்சாபில் பிறந்த பகத் சிங் திண்ட் முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர். குடியுரிமை கேட்டு வழக்கு நடத்தினார். 1923-இல் உச்ச நீதிமன்றம், இந்தியர்கள் வெள்ளையர் அல்ல, முடியாது என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது. தீர்ப்பை எழுதிய நீதிபதி சதர்லாண்ட், அவரே இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்! ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் பிடுங்கினார்கள். 1946-இல்தான் சட்டம் மாறியது, அதுவும் வருஷத்துக்கு 100 இந்தியர் வரலாம் என்ற அளவில். 1920-இல் படிக்கப் போன தலீப் சிங் சவுந்த் 1949-இல் குடிமகனாகி, 1956-இல் காங்கிரஸுக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். நீ நிற்கப்போகிற வரிசையில் அன்று அவரும் நின்றார்.

அதனால் அப்பாவிடம் சொன்னேன்: நம் பையன் ஒரு தலைவருக்கோ ஒரு இனத்துக்கோ அடிமை ஓலை எழுதிக் கொடுக்கவில்லை. அடுத்த வரியில் அவன் காப்பேன் என்று சொல்வது அரசியல் சாசனத்தையும் சட்டங்களையும். அதிபரும் பதவியேற்கும்போது அதே சாசனத்தைக் காப்பேன் என்றுதான் சொல்கிறார். அதோடு சண்டை போடுவதற்கும் திருத்துவதற்கும் வழியை அதற்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். கடினமான வழிதான், 1789 முதல் 27 திருத்தம்தான் தேறியிருக்கிறது. கடைசி ஒன்று, காங்கிரஸ்காரர்கள் தங்கள் சம்பளத்தை உடனடியாக ஏற்றிக்கொள்ளக் கூடாது என்பது. 1789-இல் முன்மொழிந்தது 1992-இல்தான் நிறைவேறியது. கிடப்பில் கிடந்த அதை ஒரு டெக்சாஸ் மாணவர் தூசி தட்டி எடுத்துக் கட்டுரை எழுதினார், அதற்குக் கிடைத்த மதிப்பெண் 'சி'. விடவில்லை, மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதி அதை நிறைவேற வைத்தார். ஆசிரியை என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது.

அப்பா முழுசாகச் சமாதானம் ஆகவில்லை, ஆனால் விழாவுக்கு எந்தச் சட்டை போடப்போகிறாய் என்று கேட்டார், அதுவே போதும். இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைப்பதையும் ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) விண்ணப்பத்தையும் தள்ளிப் போடாதே. வாக்காளர் பதிவை அன்றே முடி. அப்புறம், குடிமகன் ஆனதும் ஜூரி கடமைக்கு அழைப்பு வரலாம். உன் ஆபீஸ் நண்பர்கள் அதிலிருந்து நழுவ ஆயிரம் யோசனை சொல்வார்கள், கேட்காதே, போ. அரசாங்கம் ஒருவனைக் குற்றவாளி என்று சொன்னாலும், இல்லை என்று சொல்லும் அதிகாரம் உன்னைப் போல் பன்னிரண்டு பேரிடம் இருக்கும். தீர்ப்பு வந்தபிறகு என்ன நடந்தது என்று எனக்கு விவரமாக எழுது. அதற்கு முன்னால் வாயைத் திறக்கக் கூடாதாம், நான் கேட்டாலும் சொல்லாதே.

அன்புடன்,
அம்மா