அந்தப் பதினோரு வார்த்தைய வாபஸ் வாங்குங்க: மாடல் யுஎன் அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

செக்ரட்டரி ஜெனரல் தம்பிக்கும், செக்ரட்டேரியட்ல இருக்கற மத்த பிள்ளைங்களுக்கும், அவங்களுக்குப் பின்னாடி இருந்து எல்லாத்துக்கும் ஓகே சொல்ற ஆலோசகர் பெரியவங்களுக்கும் சேத்தே இத எழுதறேன். எதப் பத்தின்னு உங்களுக்கே தெரியும், நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு வந்த அந்த மெயில் பத்தித்தான். பிள்ளைங்க ஆளுக்கொரு நாட்டோட பிரதிநிதியா உக்காந்து ஐநா மாதிரியே விவாதம் பண்ற நம்ம மாடல் யுஎன் மாநாட்டுக்கு இன்னும் மூணே நாள் இருக்கு, இந்த நேரத்துல "மொழிநடை வழிகாட்டுதல்"னு பேரு போட்டு, எச்ஐவி கமிட்டியில பிள்ளைங்க வாயிலயும் பேப்பர்லயும் வரக்கூடாத வார்த்தைன்னு பதினொண்ணு லிஸ்ட் போட்டு அனுப்பியிருக்கீங்க. சுத்தி வளைக்காம முதல்லயே கேட்டுடறேன். தயவுசெஞ்சு அந்த லிஸ்ட்ட வாபஸ் வாங்குங்க.

காண்டம்னு சொல்லக்கூடாதாம், "உரிய பாதுகாப்பு முறைகள்"னு சொல்லணுமாம். பாலியல் தொழிலாளர்னு சொல்லக்கூடாது, "சில பிரிவினர்". ஓரினச்சேர்க்கையாளர்னு சொல்லக்கூடாது, அவங்களும் அதே "சில பிரிவினர்"தான். போதை ஊசி போட்டுக்கறவங்களப் பத்திப் பேசணும்னா "தவறான பழக்கம் உள்ளவர்கள்". அஜெண்டா வச்சது நாங்க இல்லீங்க. "எச்ஐவி, எய்ட்ஸ் விழிப்புணர்வு, பொதுச்சபை உயர்மட்டக் கூட்டம்"னு போஸ்டர் போட்டு அதுல இம்மாம் பெரிய சிவப்பு ரிப்பன் வரைஞ்சு மூணு மாசமா ஷேர் பண்ணிட்டிருந்தது நீங்கதான்.

நாங்க ஆறு வாரம் தயார் பண்ணோம். முதல் நாள் பயிற்சி எப்படி இருந்துச்சுன்னு சொன்னாத்தான் என் கோபம் உங்களுக்குப் புரியும். போர்ச்சுகல் எடுத்திருக்கற பொண்ணு பதினொண்ணாவது படிக்குது, போன வருஷம் ஆயுதக் கட்டுப்பாடு கமிட்டியில எல்லாரையும் பின்னி எடுத்த பொண்ணு, அது எழுதிட்டு வந்த பேச்சப் படிக்கும்போது காண்டம்ங்கற வார்த்தை வர்ற இடத்துல மட்டும் குரல் உள்ள போயிடுச்சு, கையில இருந்த பேப்பர் மூக்குக்கு மேல ஏறிடுச்சு, பின்வரிசையில ரெண்டு பசங்க ஏதோ பேனா கீழ விழுந்த மாதிரி பெஞ்சுக்கு அடியில குனிஞ்சுட்டானுங்க. பொய் சொல்லல, எனக்கும் காது சூடாச்சு. நான் கெமிஸ்ட்ரி டீச்சர், இந்த கிளப் எங்கிட்ட வந்ததே வேற யாரும் எடுத்துக்க மாட்டேன்னு சொன்னதால. அப்புறம் ஒரு முடிவுக்கு வந்து, போர்டுல அந்த வார்த்தைய பெருசா எழுதி, கீழ சிரிஞ்ச், ரத்தம், தாய்ப்பால், பாலியல் தொழிலாளர்னு வரிசையா எழுதி, ஒவ்வொருத்தரா எந்திரிச்சு வாசிங்கன்னேன். சிரிப்பு வந்தா சிரிச்சு முடிச்சுட்டு மறுபடி முதல்ல இருந்து வாசிக்கணும், அவ்வளவுதான் ரூல். நாலு நாள் ஆச்சுங்க. அஞ்சாவது நாள் யாரும் சிரிக்கல, ஏன்னா அதுக்குள்ள நிஜமான சண்டை ஆரம்பிச்சிருச்சு.

சண்டை ரஷ்யாவுக்கும் போர்ச்சுகலுக்கும். ரஷ்யாவுல மெதடோன்ங்கற மாத்து மருந்து குடுத்து போதை ஊசிப் பழக்கத்துல இருந்து ஆளுங்கள மீட்கற சிகிச்சைக்கு சட்டம் இடமே குடுக்கல. போர்ச்சுகல்ல 2001 ஜூலையில இருந்து பத்து நாள் உபயோகத்துக்கான அளவுக்குள்ள ஒருத்தர் கையில வச்சிருந்தா அது கிரிமினல் குத்தமே கிடையாது, சிகிச்சைப் பக்கம் திருப்பி விடப் பாப்பாங்க, அதுக்கப்புறம் ஊசி மூலமா எச்ஐவி வர்றது அங்க பெரிய அளவுல குறைஞ்சுது. இத அந்தப் பொண்ணு எடுத்து வைக்கும், உடனே ரஷ்யா பையன் "பழைய ஊசிய வாங்கிட்டு புதுசு குடுக்கற திட்டம் உங்க நாட்டுல 1993லயே வந்துருச்சே, அப்ப குறைஞ்சதுக்குக் காரணம் சட்டமா ஊசியா"ன்னு மடக்குவான். அவன் சொந்தக் கருத்து அது கிடையாது, அவனுக்கு மனசுக்குள்ள போர்ச்சுகல்தான் சரின்னு படுது, ஆனாலும் தன் பிளக்கார்டுல, அதான் முன்னாடி வச்சிருக்கற பேரட்டையில, இருக்கற நாட்டுக்காக அவன் வாதாடினான் பாருங்க, அதுக்குத்தானே இந்த மாடல் யுஎன்னே? இப்ப உங்க லிஸ்ட்டால ரெண்டு பேருக்கும் வாய் கட்டியாச்சு. ஆதரிக்கறவங்களுக்கு மட்டும் இல்லீங்க, எதிர்க்கறவனுக்கும் அந்த வார்த்தை வேணும். "சில பிரிவினருக்கு உரிய முறைகள வழங்கறத எங்கள் நாடு எதிர்க்கிறது"ன்னு அவன் எந்திரிச்சு சொன்னா எதத்தான் எதிர்க்கறான்னு யாருக்குங்க புரியும்?

மெயில் வந்த மறுநாள் காலையில, அதாவது இன்னிக்கு, அந்தப் பொண்ணு பென்சில் எடுத்துக்கிட்டு உங்க லிஸ்ட்டப் பாத்துப் பாத்து அவ வொர்க்கிங் பேப்பர, அதாவது தீர்மானத்தோட முதல் வரைவ, அடிச்சு எழுதினா. நாடுங்க என்ன செய்யணும்னு சொல்ற ஆப்பரேட்டிவ் கிளாஸ்ல மூணாவது, கடைசியில எப்படி வந்து நின்னுச்சுன்னா: "சில பிரிவினருக்கும் தவறான பழக்கம் உள்ளவர்களுக்கும் உரிய முறைகளின் மூலம் உரிய சேவைகள் உரிய இடங்களில் கிடைப்பதை உறுதி செய்ய உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொள்கிறது." இத அவளே சத்தமா படிச்சுக் காமிச்சா. ரஷ்யா பையன் விழுந்து விழுந்து சிரிச்சான், நானும் சிரிச்சேன், அவ மட்டும் சிரிக்கல. "மிஸ், அப்ப நாம ஆறு வாரமா அசிங்கமாவா பேசிட்டிருந்தோம்?"னு கேட்டா. நான் என்ன பதில் சொல்றது? உங்களத்தான் கேக்கறேன். நாலு நாள் போர்டுல எழுதி எழுதி அவங்ககிட்ட இருந்து நான் எறக்கி வச்ச கூச்சத்த ஒரே மெயில்ல திருப்பி ஏத்திட்டீங்களே.

இதுல பெரிய கூத்து என்னன்னா, நிஜ ஐநாவுல 20 வருஷத்துக்கு மேல நடந்த சண்டையே இந்த வார்த்தைங்களச் சுத்தித்தான். 2001 ஜூன்ல எய்ட்ஸுக்குன்னு பொதுச்சபை சிறப்புக் கூட்டம் போட்டாங்க. ஆணோட உறவு வச்சுக்கற ஆண்கள், பாலியல் தொழிலாளர், போதை ஊசி போட்டுக்கறவங்கன்னு பிரகடனத்துல பேரு சொல்லி எழுதணும்னு ஒரு பக்கம், கூடவே கூடாதுன்னு இன்னொரு பக்கம். கடைசியில பேர எடுத்துட்டு "பாலியல் நடைமுறைகள்", "போதைப்பொருள் பழக்கம்", "வாழ்வாதாரம்"னு பூசி மெழுகி எழுதி முடிச்சாங்க. பாலியல் தொழிலுக்கு வாழ்வாதாரம்! அத எழுதின டிப்ளமாட்ட நெனச்சா எனக்கு இன்னிக்கும் சிரிப்பு வரும். அந்தப் பேருங்க பிரகடனத்துல நேரடியா ஏற 2011 ஆகிப்போச்சு. 2021 ஜூன் 8ஆம் தேதி வந்த பிரகடனம் ஒருமனதாக்கூட நிறைவேறல, ரஷ்யா கொண்டுவந்த திருத்தங்கள் தோத்துப்போயி, வோட்டுக்கு விட்டு, 165 நாடு ஆதரவு, நாலு நாடு எதிர்ப்பு: ரஷ்யா, பெலாரஸ், சிரியா, நிகரகுவா. இந்த நாலு நாட்டு பிளக்கார்டும் உங்க கமிட்டியில இருக்கு, அலாட்மென்ட் லிஸ்ட்ல பாத்தேன். அந்தப் பிள்ளைங்க எல்லாம் எதுக்கு எதிரா வோட்டுப் போடப் போறாங்க, "உரிய முறைகளுக்கு" எதிராவா?

இன்னொண்ணும் சொல்லிடறேன். பேரு சொல்ல அவ்வளவு பயந்த அந்த 2001 பிரகடனத்துலயே காண்டம்னு எழுதியிருக்கு, ஆண் காண்டம் பெண் காண்டம்னு ரெண்டையும் பிரிச்சே எழுதியிருக்கு, சுத்தமான ஊசி உபகரணம்னும் இருக்கு. உலகத்துல இருக்கற அத்தன அரசாங்கமும் உக்காந்து ஒத்துக்கிட்ட டெக்ஸ்ட் அது. எங்க பிள்ளைங்க அதுல இருந்து ஒரு பாராவ அப்படியே கோட் பண்ணா கமிட்டிய நடத்தற உங்க சேர் (தலைவர்) பிளக்கார்ட கீழ வைக்கச் சொல்வாரா? வார்னிங் குடுப்பாரா? இதையும் வழிகாட்டுதல்ல போட்டிருந்தா உபயோகமா இருந்திருக்கும்.

காலையில உங்க ஆபீசுக்கு போன் பண்ணேன். மரியாதையாத்தான் பேசினாங்க, அதுல கொறை சொல்ல மாட்டேன். "பேரண்ட்ஸ் கம்ப்ளைன்ட் வரும் மேடம்"னாங்க. வரும்தான். எனக்கும் வந்துச்சு. ஒரு அப்பா போன் பண்ணி "எம்பொண்ணு என்னத்த இது தேடிட்டிருக்கா"ன்னு சத்தம் போட்டாரு. அரை மணி நேரம் பேசினேன், கமிட்டி என்ன, அஜெண்டா என்ன, எச்ஐவி எப்படி பரவும் எப்படி பரவாதுன்னு எல்லாம் சொன்னேன், கடைசியில அவரே கொரல எறக்கி "ஏங்க, கொசு கடிச்சா வருமா"ன்னு கேட்டாரு. வராதுங்கன்னேன். அத்தன வருஷமா அவருக்கு இருந்த சந்தேகம் அது. கம்ப்ளைன்ட்டுன்னு வந்தவரு கத்துக்கிட்டுப் போனாரு, இதுக்குப் பேருதானே விழிப்புணர்வு? இன்னிக்கு உங்க மெயில அவர் பாத்தா, அன்னிக்கு சத்தம் போட்டது சரிதான்னு நெனப்பாரு.

அந்த "தவறான பழக்கம்" விஷயத்துக்கு வர்றேன். பதினொண்ணுல இதுதான் எனக்கு தொண்டையில சிக்கின முள்ளு. 2023 கடைசியில உலகத்துல எச்ஐவியோட வாழறவங்க கிட்டத்தட்ட 4 கோடி பேரு. உங்க ஹால்ல 60 பிள்ளைங்க உக்காரும். அதுல ஒரு பிள்ளையோட அம்மா தினமும் ராத்திரி ஒரு மாத்திரை போடறவங்களா இருக்கலாம், அந்தப் பிள்ளையே போடற பிள்ளையா இருக்கலாம், நமக்கெப்படித் தெரியும்? சிகிச்சை இல்லேன்னா அம்மாகிட்ட இருந்து குழந்தைக்கு வர்ற வாய்ப்பு 15ல இருந்து 45 சதவீதம், மாத்திரை ஒழுங்கா போட்டா அது 5 சதவீதத்துக்கும் கீழ போயிடும். அப்படி எச்ஐவியோட பொறந்த பிள்ளை உங்க ஹால்ல உக்காந்து ரெண்டு நாளும் "தவறான பழக்கம் உள்ளவர்கள்", "தவறான பழக்கம் உள்ளவர்கள்"னு மைக்குல கேட்டுக்கிட்டே இருக்கணுமா? மாத்திரை போட்டு ரத்தத்துல வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு எறங்கிட்டா உடலுறவு மூலமா அடுத்தவங்களுக்கு பரவாதுன்னு இன்னிக்கு நிரூபிச்சாச்சு, பிள்ளைங்க ஹால விட்டு வெளிய வரும்போது இந்த ஒரு விஷயம் மனசுல நின்னாலே போதும். ஆனா இதச் சொல்லணும்னா உடலுறவுன்னு சொல்லணுமே, அது உங்க லிஸ்ட்ல ஏழாவது.

தலைப்பப் பத்திப் படிச்சுட்டு வர நீங்க குடுத்த பேக்ரவுண்ட் கைடப் பத்திப் பேசக்கூடாதுன்னுதான் நெனச்சேன், ஆனா பேசாம இருக்க முடியல. அதுல 90-90-90 இலக்க இனிமே எட்ட வேண்டியதா எழுதியிருக்கீங்க. எச்ஐவி இருக்கறவங்கள்ல 90 சதவீதம் பேருக்கு அது தெரியணும், அப்படித் தெரிஞ்சவங்கள்ல 90 சதவீதம் பேரு சிகிச்சையில இருக்கணும், அவங்கள்ல 90 சதவீதம் பேருக்கு வைரஸ் அடங்கணும்னு 2020க்கு வச்ச இலக்குங்க அது. அடுத்து 2025க்குன்னு 95-95-95 வந்து அந்த வருஷமும் போயாச்சு. எச்ஐவிய "எய்ட்ஸ் வைரஸ்"ன்னு ஆறு எடத்துல எழுதியிருக்கீங்க (எச்ஐவிதான் வைரஸ், எய்ட்ஸ்ங்கறது அது முத்தின நிலை), அட்டையில மண்டை ஓடு வேற. பிளேசர் என்ன கலர், டை கட்டணுமா வேண்டாமா, ஷூவுக்கு பாலிஷ் இருக்கணும்னு ட்ரெஸ் கோடுக்கு ரெண்டு பக்கம். நோயப் பத்தி ஒண்ணரை பக்கம். பெஸ்ட் டெலிகேட் ட்ராபி போட்டோவ மட்டும் நாலு வாட்டி மெயில் பண்ணீங்க, தப்பான இலக்கத் திருத்த ஒரு மெயில் வரல. வார்த்தையத் திருத்தத்தான் உங்களுக்கு ராத்திரி பதினோரு மணிக்கும் நேரம் இருந்துச்சு.

மன்னிக்கணும், கொஞ்சம் எல்லை மீறிட்டேன். நீங்களும் படிப்புக்கு நடுவுல ராப்பகலா ஓடித்தான் இத நடத்தறீங்கன்னு தெரியும், ஹால் புடிக்கறதுல இருந்து மைக் செட் வரைக்கும் எவ்வளவு அலைச்சல்னும் தெரியும், ஒன்பது வருஷமா பிள்ளைங்களக் கூட்டிட்டு வர்றேன். உங்க செக்ரட்டேரியட்ல ரெண்டு பேரு எங்கிட்ட பயிற்சி எடுத்தவங்கதான். அந்த உரிமையிலயும்தான் கேக்கறேன், லிஸ்ட்ட வாபஸ் வாங்குங்க. கேலி பண்றவங்களத் தடுக்கணும்னா தாராளமா தடுங்க. ஒருத்தர் மனச நோகடிக்கற மாதிரி பேசினா சேர் நிறுத்தட்டும், வேணும்னா டெலிகேட்ட வெளிய அனுப்பட்டும், நானே கை தட்டறேன். "எய்ட்ஸ் பலி", "பாவப்பட்டவங்க" மாதிரி வார்த்தைங்களுக்குத் தடை போடறதுன்னா அந்த லிஸ்ட்ட நானே எழுதித் தர்றேன், ராத்திரியோட ராத்திரியா. கூச்சப்படற பெரியவங்களுக்காக பிள்ளைங்க வாயக் கட்டாதீங்க, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒரு வரி பதில் போட்டீங்கன்னா போதும். அந்தப் பொண்ணு வொர்க்கிங் பேப்பர ரெண்டு விதமா பிரிண்ட் எடுத்து ஒரே ஃபைல்ல வச்சிருக்கா, முன்னாடி அவ எழுதினது, பின்னாடி நீங்க திருத்தினது. எத எடுத்துட்டு வரணும்னு அவளுக்கு நான் சொல்லணும்.

இப்படிக்கு,
ஆறு டெலிகேட்டோட வரப்போற ஒரு டீச்சர்