இரவுக் குண்டுவீச்சுப் பெண்கள் கண்காட்சி: நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் பெண்களே நடத்திய, சோவியத் ஒன்றியத்தின் 588ஆவது இரவுக் குண்டுவீச்சு ரெஜிமென்ட் (விமானப் படைப்பிரிவு) பற்றிய படக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. கைகொடுத்த அனைவருக்கும் எங்கள் நன்றி.

முதல் நன்றி, ருஷ்ய நினைவுக்குறிப்புகளை மூலத்திலிருந்தே தமிழாக்கித் தந்த அம்மாவுக்கு. விமானிகளோடு நிறுத்தாமல், தரையில் உழைத்த பெண்களைப் பற்றிய பக்கங்களையும் விடாமல் பெயர்த்தார். கண்காட்சிக்கு உயிர் கொடுத்தவை அவைதாம். ஒரு விமானத்துக்கு ஒரு தரைப்பணிக் குழு என்பதே விதி. அதன்படி தன் விமானம் திரும்பும்வரை ஒரு குழு சும்மா நிற்கும். பக்கத்துக் குழுவோ திண்டாடும். இந்தப் பெண்கள் விதியை ஓரங்கட்டிவிட்டு வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்: இறங்கும் விமானத்தை எதிர்கொள்ளச் சிலர், பெட்ரோல் நிரப்பச் சிலர், குண்டு மாட்டச் சிலர். ஐந்தே நிமிடத்தில் விமானம் மறுபடி கிளம்பியது. 50, 100 கிலோ குண்டுகளைக் கையாலேயே தூக்கி மாட்டினார்கள். கையுறை போட்டால், குண்டை வெடிக்கவைக்கும் ஃபியூஸைப் பொருத்த முடியாது. உறைபனியிலும் வெறும் விரல்தான், அதுவும் இருட்டில், தடவித் தடவி.

அவர்கள் ஓட்டிய போ-2 விமானத்தை விளக்கிய ஓய்வுபெற்ற விமான மெக்கானிக் ஐயாவுக்கு அடுத்த நன்றி. மரச்சட்டம், மேலே துணி, ஐந்து சிலிண்டர் எம்-11 எஞ்சின், சுமார் 100 குதிரைத்திறன். இலக்கை நெருங்கியதும் எஞ்சினை அடியோடு நிறுத்திவிடுவார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். சத்தம் கேட்காதபடி த்ராட்டிலை (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) குறைத்து, சறுக்கியபடி இறங்குவார்கள் என்பதே சரி. சறுக்கல் நீண்டால் எஞ்சின் குளிர்ந்துபோகும். பிறகு வேகம் கூட்டும்போது திணறும். அந்த உயரத்தில் திணறினால் தப்பிக்க வழியில்லை. 1944 வரை பாராசூட்டும் கிடையாது.

1917ஐயும் 1941ஐயும் அடுத்தடுத்த பலகைகளில் வைக்கச் சொன்ன வரலாற்றுப் பேராசிரியருக்கும் நன்றி. 1917இல் ருஷ்யாவில் மரியா போச்கரேவா திரட்டிய பெண்கள் படை, களத்தைவிட்டு ஓடிய ஆண்களை வெட்கப்படுத்தவே பெரும்பாலும் பயன்பட்டது. 1941 அக்டோபர் 8 ஆணைப்படி விமானி மரினா ரஸ்கோவா திரட்டிய மூன்று பெண்கள் ரெஜிமென்ட்களின் கதை வேறு. அதிலும் 588இல் கமாண்டர் பெர்ஷான்ஸ்கயா முதல் மெக்கானிக் வரை எல்லாருமே பெண்கள்.

பலகை அடித்த தச்சருக்கும், எழுத்துப்பிழை பார்த்த தம்பி தங்கைகளுக்கும் தனி நன்றி.

பலகைகள் பத்திரமாக இருக்கின்றன. இரவல் வேண்டும் பள்ளிகள் ஒரு வாரம் முன்னதாகச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
கண்காட்சிக் குழுவினர்