குளத்துக்கு முன் வாய்க்காலைத் திறவுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கத்துக் குறிச்சிக் குளத்தைப் புனரமைக்கப் போவதாகச் சனசமூக நிலையத்துச் சுவரில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். சுற்றுமதில், நடைபாதை, இருக்கைகள், மின்விளக்குகள் என்று வேலைகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டு தடவை வாசித்தேன். குளத்துக்கு மழைநீரைக் கொண்டுவரும் வெள்ளவாய்க்கால் என்ற சொல் எங்குமே இல்லை. அள்ளும் மண் எங்கே போகும் என்பதும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் எங்கள் ஊர்க் குளத்தில் நடந்தது மனத்தில் இன்னும் ஆறாமல் கிடப்பதால், மாரி தொடங்குமுன் இதை எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்துத் தோட்டக்காரி. வயது 63. கணவர் காலமான பிறகு, 11 வருடமாக நான்கு பரப்பு, அதாவது கால் ஏக்கர், செம்மண் தறையில் வெங்காயமும் பயிற்றையும் மரவள்ளியும் செய்துவருகிறேன்.

எங்கள் குளம் சிறியது. நான் சிறுமியாக இருந்தபோது அதன் கரையில் ஆவுரஞ்சிக்கல் நின்றது. மாடுகள் தண்ணீர் குடித்துவிட்டு வந்து முதுகைத் தேய்க்கும். சித்திரையில் குளம் வற்றியதும் ஊர் முழுவதும் மண்வெட்டியோடு இறங்கிவிடும். அடியில் படிந்த கறுத்த வண்டலை வெட்டி, வண்டிலில் ஏற்றித் தோட்டங்களில் பரப்புவார்கள். குளத்து மண் போட்ட தறைக்கு அந்த வருடம் எருவைக் குறைத்துப் போடலாம் என்று அப்பு சொல்வார். யாரும் கூலி கொடுத்துக் குளத்தைத் தூர்வாரியது இல்லை. மண் வேண்டியவர்கள் அள்ளினார்கள், அதிலேயே குளமும் ஆழமானது. 1995 போர்க்கால இடப்பெயர்வுக்குப் பிறகு நாங்கள் திரும்பி வந்தபோது குளம் பற்றைக்காடாகக் கிடந்தது. வண்டில் மாடுகளும் இல்லை. மண் அள்ளும் வழக்கம் அத்தோடு நின்றுபோனது.

அதனால்தான் புனரமைப்பு என்று கேள்விப்பட்டதும் நான் மிகவும் மகிழ்ந்தேன். பெக்கோ இயந்திரம் நான்கு நாள் வெட்டியது. டிப்பர்கள் வரிசையாக வந்து அந்த வண்டலை எங்கோ ஒரு பள்ளக்காணி நிரப்புவதற்கு ஏற்றிப்போயின. இரண்டு லோட் மண் தாருங்கள், கூலியை நான் தருகிறேன் என்று கேட்டேன். “அம்மா, மண் ஒப்பந்தக்காரருக்கு உரியது” என்றார் மேற்பார்வை செய்த தம்பி. வாய்க்காலைப் பற்றிக் கேட்டேன். “அது இந்த ஒதுக்கீட்டில் இல்லை” என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் கையில் இருந்த தாளில் அது இல்லை. பிறகு நான்கு பக்கமும் கல் அடுக்கிச் சீமெந்து பூசினார்கள், மதில் எழுப்பினார்கள், பெயர்ப்பலகை நட்டார்கள்.

அந்தக் கார்த்திகையில் மழை கொட்டியது. வீதியில் முழங்கால் அளவு வெள்ளம். முன்பள்ளிப் பிள்ளைகளைத் தாய்மார் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் வெள்ளம் நிற்க, அந்தப் பக்கம் குளத்துக்குள் கணுக்கால் அளவுதான் தண்ணீர். மதிலில் கை வைத்தபடி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது.

இதில் என்ன பெரிய நட்டம் என்று நகரத்து வாசகர்கள் கேட்கலாம். எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. இருக்கும் ஒரே ஆறான வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடி, அளவெட்டி, சண்டிலிப்பாய்ப் பக்கங்களால் வந்து அராலியில் கடனீரேரியில் விழுகிறது. குடிப்பதும் இறைப்பதும் நிலத்தடி நீரையே நம்பி. செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளால் இறங்கி, அடியில் நிற்கும் உவர்நீரின் மேல் மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை ஊரெல்லாம் அறியும். எங்கள் ஒவ்வொரு கிணற்றின் கீழும் அதே கதைதான். விவசாயப் போதனாசிரியர் ஒருவர் கமக்காரர் கூட்டத்தில் சொன்ன கணக்கு என் நெஞ்சில் பதிந்துவிட்டது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் தாங்கி நிற்குமாம். மேலே ஓர் அடி குறைந்தால் உவர் கீழிருந்து அந்த 40 அடிக்கு ஏறி வரும். ஆகவே எங்கள் பகுதியில் குளம் தண்ணீரைப் பிடித்து வைப்பதற்காக மட்டும் வெட்டப்பட்டதல்ல. அது தண்ணீரைக் கீழே இறக்கும் வாசல். அடியில் வண்டல் இறுகினால் வாசல் அடைபடும். கரையைச் சீமெந்தால் பூசினாலும் அடைபடும். வாய்க்காலை மூடினால் வாசலுக்கு வர வழியே இல்லை.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். இங்கே ஆண்டுக்குச் சுமார் 1200 மில்லிமீற்றர் மழை பெய்கிறது, பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை. ஒரு பரப்புக் காணியில், அதாவது சுமார் 250 சதுர மீற்றரில், மட்டும் அது மூன்று இலட்சம் லீற்றர். 5000 லீற்றர் தண்ணீர் லொறியான பவுசர் 60 தடவை வந்து ஊற்றுவதற்குச் சமம். அதே ஊரில் ஆவணியில் குடிநீருக்குப் பவுசரைப் பார்த்துக்கொண்டு குடங்களோடு நிற்கிறோம்.

வாய்க்கால்கள் எப்படி மறைந்தன என்பதையும் நாங்கள் நேர்மையாகச் சொல்ல வேண்டும். யாரோ வந்து மூடவில்லை. முன்பு எல்லைகளில் கிளுவையும் பூவரசும் நின்றன. வேலியின் அடியால் வெள்ளம் தன் பாட்டில் போகும். வேலியில் விட்ட இடைவெளியான பொட்டால் மனிதர்களும் போய் வருவார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் காசு அனுப்பத் தொடங்கியதும் வேலிகள் மதில்களாயின. மதில் கட்டும்போது வாய்க்காலையும் இரண்டு முழம் உள்ளே எடுத்துக்கொண்டோம். எங்கள் வீட்டு மதிலும் அப்படித்தான் நின்றது. வேலியோடு, தோட்டத்து மண்ணில் பசளையாகத் தாழ்க்கிற குழையும் போனது.

அந்த மாரி கழிந்ததும், தை மாதத்தில், ஊரில் கூடிப் பேசினோம். வாய்க்கால் இந்தப் பக்கமே இல்லை என்று சிலர் மறுத்தார்கள். நான் அப்புவின் காணி உறுதியை எடுத்து வாசித்தேன். மேற்கு எல்லை வெள்ளவாய்க்கால் என்று தெளிவாக எழுதியிருந்தது. அடுத்த வீட்டுப் பெரியையாவும் தம்முடையதைக் கொண்டுவந்தார். அதில் அதே வாய்க்கால் கிழக்கு எல்லையாக இருந்தது. இரண்டு உறுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது யாருக்கும் பேச்சு எழவில்லை. முதலில் என் மதிலைத்தான் உடைத்தோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், 23 பேர், சுமார் 170 மீற்றர். இரண்டு வீட்டார் மதிலை உடைக்க முடியாது என்றார்கள், அடியால் குழாய் வைக்கச் சம்மதித்தார்கள். ஊரிலே எல்லாரிடமும் ஒரே அளவு கேட்க முடியாது. குளத்து மதிலில் வாய் திறப்பதற்கு அனுமதி வாங்க மட்டும் நான்கு மாதம் ஓடியது. வாய்க்கால் குளத்தில் விழும் இடத்தில் ஒரு குழி வெட்டிக் கல் பரப்பினோம், குப்பையும் வண்டலும் அங்கே தங்கட்டும் என்று. குளத்தில் இறங்குவதுதான் நாளைக்கு எங்கள் கிணற்றில் வரும். கழிவுநீரை வாய்க்காலில் விடுகிறவர்கள் தங்கள் பிள்ளைகளின் குவளையிலேயே அதை ஊற்றுகிறார்கள்.

என் கிணற்றுக் கப்பிக் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு போட்டு வைத்திருக்கிறேன். வாய்க்கால் திறப்பதற்கு முந்திய ஆனியில் தண்ணீர் 14ஆம் முடிச்சில் நின்றது. திறந்த அடுத்த ஆனியில் 12, அதாவது இரண்டு முழம் மேலே. அந்த வருடம் மழையும் சற்றுக் கூடுதலாகப் பெய்தது, ஆகவே முழுவதும் வாய்க்காலால்தான் என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால் கோடையில் தேநீரில் தெரிந்த உவர் குறைந்துவிட்டது. குளத்துக்குக் கிட்டக் கிணறு உள்ள மூன்று வீட்டாரும் அதையே சொல்கிறார்கள். வீதியில் வெள்ளம் ஒரு நாளுக்கு மேல் நிற்கவில்லை.

மண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். யூரியா மலிவாகக் கிடைத்த காலத்தில் நானும் கண்டபடி போட்டவள்தான். செம்மண் தண்ணீரை விரைவாக இறக்கிவிடும். போட்ட உரத்தில் பயிர் எடுத்தது போக மீதி தண்ணீரோடு கிணற்றுக்குப் போகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலிகாமத்துத் தோட்டப் பகுதிகளில் அதைத் தாண்டிய கிணறுகள் பல உண்டு. கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. 2021இல் உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியபோது தோட்டக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல, அது சரியான முறையும் அல்ல. வேறு வழியில்லாமல் அந்தப் போகத்தில் பூவரசங்குழையும் சீமைக்கிளுவையும் வெட்டித் தாழ்த்தேன், ஆட்டுப்பட்டி அடைத்தேன். விளைச்சல் குறைந்தது. ஆனால் அடுத்த போகத்தில் மண்ணைக் கையில் அள்ளியபோது ஈரம் பிடித்து நின்றது, இரண்டு நாளுக்கு ஒருமுறை இறைத்த இடத்தில் மூன்று நாள் தாங்கியது. அப்படிப்பட்ட மண்ணுக்குக் குளத்து வண்டல் எவ்வளவு பெறுமதி என்பது தோட்டம் செய்தவருக்குத்தான் தெரியும். அதைப் பள்ளம் நிரப்ப ஏற்றிப்போனதை நினைக்க எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

பெரிய திட்டங்களுக்கு நான் எதிரானவள் அல்ல. கடனீரேரிகளை நன்னீராக்கி யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு தர வேண்டும் என்று பொறியியலாளர் ஆறுமுகம் திட்டம் வகுத்து 70 ஆண்டுகள் ஆகின்றன. அது முழுமை பெறட்டும். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது, அந்தத் தண்ணீர் எல்லா வீட்டுக்கும் வரட்டும். ஆரியகுளமும் 2021இல் புதுப்பொலிவு பெற்றது, மாலையில் பிள்ளைகளோடு போய் இருக்க நல்ல இடம். நகரத்துக்கு அது வேண்டும். தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற குளத்துக்கு இருக்கைகளும் விளக்கும் பிறகு வரலாம்.

பக்கத்துக் குறிச்சிக் குளத்தின் வேலை இன்னும் தொடங்கவில்லை. பொறுப்பானவர்களிடம் நான் கேட்பது இதுதான். மதிலுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை வாய்க்காலுக்கு மாற்றுங்கள். பெக்கோ இறங்குமுன் நில அளவையாளரை வரவழைத்து வாய்க்காலின் எல்லையைக் குறியுங்கள். கரைக்குச் சீமெந்து பூசாமல் மண்ணை இறுக்கிப் புல் வளர விடுங்கள், விளிம்பில் மருத மரம் நடுங்கள். அள்ளும் வண்டலைக் கமக்காரர் அமைப்பு மூலம் பங்கிட்டுத் தாருங்கள். ஏற்றுக்கூலியை நாங்கள் கொடுப்போம், உழவு இயந்திரங்களும் எங்களிடம் இருக்கின்றன.

அந்தக் குறிச்சி மக்களிடமும் ஒரு வேண்டுகோள். பெட்டியில் கிடக்கும் பழைய காணி உறுதிகளை எடுத்து எல்லை வரியை வாசித்துப் பாருங்கள். வாய்க்கால் என்று எழுதியிருந்தால் ஒரு பிரதி எடுத்து, புரட்டாதி முடியுமுன் கிராம அலுவலரிடம் கொடுங்கள். வாசிக்கச் சிரமப்படும் முதியவர்கள் இருந்தால், ஞாயிறு காலையில் நான் சனசமூக நிலையத்தில் இருப்பேன். கொண்டுவாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.

இப்படிக்கு,
தோட்டக்காரப் பெண் ஒருவர்,
வலிகாமம்.
(பெயரும் முகவரியும் ஆசிரியருக்குத் தனியாகத் தரப்பட்டுள்ளன.)