நூலகத்தில் என் விடைத்தாளைப் படித்த அக்காவுக்கு

ஊடகவியல் மாதிரித் தேர்வில் மதிப்பெண் மிகவும் குறைவு. விடைத்தாளின் ஓரத்தில் ‘பகுப்பாய்வு போதாது’ என்று மட்டும் இருந்தது. எதை, எப்படிப் பகுப்பது என்று யாரும் சொல்லவில்லை.

எதிர் மேசையில் இருந்த நீங்கள், கேட்காமலேயே பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். விளம்பரக் கேள்விக்கு நான் எழுதியதை முழுதாகப் படித்துவிட்டு, “ஸ்டூவர்ட் ஹால் பேரு இருக்கு, ஆனா அவர் கருத்து இங்க வேலை செய்யலையேம்மா” என்றீர்கள். பண்பாட்டு ஆய்வாளரான ஹால் 1973இல் முன்வைத்த, ஊடகச் செய்தியைப் பார்வையாளர்கள் புரிந்துகொள்ளும் மூன்று வாசிப்புகளை, அதாவது அப்படியே ஏற்பது, பாதி ஏற்றுப் பாதி விலக்குவது, எதிர்த்து வாசிப்பது ஆகியவற்றை, அந்த விளம்பரத்தின் மேலேயே பொருத்திக் காட்டினீர்கள். கேமரா ஏன் கீழிருந்து பார்க்கிறது, அதனால் விளம்பரத்தில் வரும் மனிதருக்கு என்ன அதிகாரம் வருகிறது, அதை யார் நம்புவார்கள், யார் மறுப்பார்கள் என்று கேட்டுக் கேட்டு என்னையே சொல்ல வைத்தீர்கள். அவ்வளவு நேரமும் உங்கள் புத்தகம் மூடியே கிடந்தது. உங்களுக்கும் தேர்வு இருந்திருக்குமே!

பெயர் சொல்லாமலே கிளம்பிவிட்டீர்கள். அந்தப் பதிலைத் திருப்பி எழுதினேன். இப்போது ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு காட்சி சான்றாக நிற்கிறது. ரொம்ப நன்றி அக்கா. இது உங்கள் கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதுங்கள். இறுதித் தேர்வுக்கு முன் அந்தப் புதிய பதிலை உங்களிடம் காட்ட ஆசை.