கம்ப்யூட்டர் என்றால் ஆள்

அன்புள்ள கயல்,

நீ படித்துக்கொண்டிருக்கும் பழைய சர்வே அறிக்கைகளில் 'கம்ப்யூட்டர்' என்று வரும்போதெல்லாம் ஓர் ஆளை நினைத்துக்கொள். அது பதவிப் பெயர். லத்தீனில் 'கம்ப்யூட்டாரே' என்றால் கணக்கிடுதல். கணக்கிடுபவர் என்ற பொருளில் இந்தச் சொல் 1613-லேயே ஆங்கிலத்தில் அச்சேறிவிட்டது. 1802-ல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய இந்தியாவை அளந்த அந்தப் பெரும் சர்வேயில், 1831-ல் ராதாநாத் சிக்தார் சேர்ந்தது கம்ப்யூட்டராகத்தான். எவரெஸ்ட்டுக்கு முதலில் சொன்ன 29,002 அடி என்ற உயரக் கணக்கில் அவருக்குப் பெரிய பங்குண்டு. அவர் பெயரை எங்கே பார்த்தாலும் குறித்து வை.

இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வுக்கூடத்தின் தலைவர் மஸ்கெலின், மாலுமிகள் பயன்படுத்தும் கடல் பஞ்சாங்கத்துக்காக, 1767-க்கான பதிப்பிலிருந்து இந்த வேலையை ஒழுங்காக நடத்தினார். வானத்தில் நிலவுக்கும் சூரியன், விண்மீன்களுக்கும் இடையே தெரியும் கோணத் தூரங்களை இரண்டு பேர் தனித்தனியே கணக்கிட வேண்டும். மூன்றாமவர் ஒப்பிட்டுப் பார்ப்பார். இருவர் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள்; ஒப்பிட்டவர் கண்டுபிடித்துவிட, வேலை போயிற்று. அதில் கடுமை எதுவும் இல்லை என்பேன். ஒரே பிழை இரு தாளிலும் இருந்தால் ஒப்பிட்டு என்ன பயன்? அந்த எண்ணை நம்பித்தானே மாலுமி கப்பலை ஓட்டுகிறான்!

பிழை பிடிக்கும் வழியை நீயே செய்து பார். 1, 4, 9, 16, 25, 36 என்று வர்க்கங்களை எழுது. அடுத்தடுத்த எண்களைக் கழித்தால் 3, 5, 7, 9, 11. சீராக இரண்டிரண்டாக ஏறும். 16-ஐ 19 என்று மாற்றி எழுதிக் கழித்தால் 3, 5, 10, 6, 11. தடுக்கி விழும் இடம் கண்ணில் அறையும். பக்கம் முழுக்க எண்கள் இருந்தாலும், ஒற்றைப் பிழை இப்படித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

1936-ல் கணித அறிஞர் ஆலன் டூரிங் கணக்கிடும் இயந்திரத்தைக் கற்பனை செய்து எழுதிய கட்டுரையிலும் கம்ப்யூட்டர் மனிதர்தான். 1946-ல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்ற மின்னணுக் கணக்கீட்டு இயந்திரத்தை இயக்கும் முறையை வகுத்த ஆறு பெண்களும் அதற்கு முன் கம்ப்யூட்டர்களாக வேலை பார்த்தவர்கள். அவர்களுடைய பதவிப் பெயர் இயந்திரத்துக்குப் போய்விட்டது.

நாற்பதுகள், ஐம்பதுகளின் தாள்களில்தான் நீ தடுமாறுவாய். 'எலக்ட்ரானிக்' என்று முன்னால் ஒட்டியிருந்தால் இயந்திரம். பக்கத்தில் சம்பளமோ விடுப்போ பேசப்பட்டால் ஆள். இரண்டும் இல்லையென்றால் முன்பின் பக்கங்களைப் பார்த்த பிறகே குறிப்பெடு.

அன்புடன்,
அம்மா