அச்சை நிறுத்துங்கள், சரிபார்ப்பை நிறுத்தாதீர்கள்

தொழில்நுட்ப நூல்களையும் இதழ்களையும் வெளியிட்டுவரும் பதிப்பாளர்களுக்கும், நின்றுபோன இதழ்களின் பதிப்புரிமையை வைத்திருப்போருக்கும் வணக்கம்.

அச்சு இதழ்கள் மறைந்ததற்காக ஒப்பாரி வைக்க இம்மடலை எழுதவில்லை. 1975இல் தொடங்கிய பைட் என்ற கணினி இதழ் 1998இல் நின்றது. பிசி மேகசின் 2009 ஜனவரி இதழோடு அச்சை விட்டது; 1976 முதல் நிரலாளர்களுக்கென்றே வந்த டாக்டர் டாப்ஸ் ஜர்னலும் அதே ஆண்டில் அச்சைக் கைவிட்டு, 2014 இறுதியில் இணையத்திலும் ஓய்ந்தது. வாசிப்பு குறைந்ததைவிட விளம்பரம் வற்றியதே இதற்குப் பெரிய காரணம். கம்ப்யூட்டர் ஷாப்பர் இதழ் ஒரு காலத்தில் 800 பக்கங்களைத் தாண்டிக் கனத்தது கட்டுரைகளால் அன்று, தபாலில் கணினி விற்றவர்களின் விலைப்பட்டியல்களால். விலைகளை ஒப்பிட்டுப் பார்க்க இணையம் வழி செய்ததும் அந்த வருமானம் போயிற்று. அது திரும்பி வரப்போவதில்லை.

ஆனால் அந்த வருமானத்தில் ஒரு பங்கு, வாசகர் கண்ணில் படாத ஒரு வேலைக்குச் செலவாகிக்கொண்டிருந்தது. நல்ல பதிப்பகங்களில் கைப்பிரதி முதலில் தொழில்நுட்பச் சரிபார்ப்பாளரிடம் போகும். அவர் புதிதாக அமைத்த ஒரு கணினியில் முதல் பக்கத்திலிருந்து ஆசிரியர் சொன்னபடியே எல்லாவற்றையும் நிறுவி, ஒவ்வொரு நிரலையும் இயக்கிப் பார்த்து, மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பெயரில் இருந்த கோப்பு ஏழாம் அத்தியாயத்தில் வேறு பெயரில் வருவதை ஓரக்குறிப்பில் எழுதி அனுப்புவார். அதன்பிறகே மொழி திருத்துவோரும் பொருளடைவு தயாரிப்போரும் பிரதியைத் தொடுவார்கள். நிரல்களை வாசகர்களே பக்கத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்த காலத்தில், கம்ப்யூட்! இதழ்க் குழுமம் 1983இல் ஒரு சிறு சரிபார்ப்பு நிரலையே வெளியிட்டது; அடித்து முடித்த ஒவ்வொரு வரிக்கும் அது காட்டும் எண், இதழில் அச்சான எண்ணோடு பொருந்தினால்தான் அடுத்த வரிக்குப் போகலாம். தம் பிழையைத் தவிர்த்தால் போதும் என்றிராமல், வாசகரின் கைப்பிழையையும் தம் பொறுப்பாகக் கருதிய ஆசிரியர் குழு அது.

இணையத்தைக் குறை சொல்வது என் நோக்கமன்று. 2008இல் வந்த, நிரலாளர்கள் கேள்வி கேட்டு விடை பெறும் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, ஒரு பிழைச்செய்திக்கு எந்த நூலையும்விட விரைவாக விடை தந்தது. கணினித் திரையின் படங்களை ஒட்டி ஒட்டியே பக்கம் பெருக்கிய தலையணை நூல்கள் விலைபோகாமல் போனதும் (உங்களில் சிலர் வருத்தப்படக்கூடும்) நியாயமே. எனினும் கேள்வி கேட்கத் தெரிந்தவருக்கே அந்த விடைகள் உதவும். எதை முதலில் கற்க வேண்டும், எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வரிசைப்படுத்தித் தருவது பதிப்பாசிரியரின் வேலை. இன்று இயந்திரம் எழுதிய நூல்கள் குவியும் சந்தையில், ஒரு கணக்கிலிருந்து நாளொன்றுக்கு மூன்று நூல்களுக்கு மேல் ஏற்றக் கூடாதென்று அமேசான் 2023இல் வரம்பு விதிக்க நேர்ந்தது. இந்த வேளையில் சரிபார்ப்புச் செலவைக் குறைக்கும் பதிப்பகம், மற்றவர்களிடம் இல்லாத தன் ஒரே சரக்கைத் தானே கைவிடுகிறது.

ஆகவே ஒவ்வொரு நூலின் உரிமைப் பக்கத்திலும் நிரல்களைச் சரிபார்த்தவர் யார், மென்பொருளின் எந்தப் பதிப்பில், எந்த மாதத்தில் இயக்கிப் பார்த்தார் என்பதை அச்சிடுங்கள். நூலின் விற்பனை நின்ற பிறகும் அதன் பிழைதிருத்தப் பக்கத்தை நீக்காதீர்கள்; பழைய படியை வைத்திருப்பவருக்குத்தான் அது மிகவும் தேவை.

காப்பகம் பற்றியும் சொல்ல வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்துக்கென 1994 முதல் வந்த லினக்ஸ் ஜர்னல் 2019 ஆகஸ்டில் மூடப்பட்டபோது, தளம் அடுத்த சில வாரங்களுக்கு இருக்கும், முடிந்தால் இன்னும் நீளும் என்ற அளவிலேயே வாசகர்களுக்கு உறுதி தர முடிந்தது. மறு ஆண்டு வேறொரு நிறுவனம் அதை ஏற்று நடத்த முன்வந்தது நற்பேறு. எல்லா இதழ்களுக்கும் அது வாய்க்காது. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளில் கிடைக்காமல் போயின என்று பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்கிட்டது. அச்சிதழ் நின்றால் பழைய படிகள் நூலகத்திலாவது மிஞ்சும். சந்தா செலுத்திப் படிக்கும் நூலோ சந்தா முடிந்ததும் வாசகர் கையை விட்டுப் போய்விடுகிறது. தொழில்நுட்ப நூல்களை வெளியிடும் ஓரைலி நிறுவனம் 2017இல் தன் தளத்தில் நூல்களைத் தனித்தனியாக விற்பதை நிறுத்தியது முதல், வாங்கி வைத்துக்கொள்ளும் வழி மேலும் குறுகியது.

நின்றுபோன இதழ்களின் உரிமையைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்போர், அவற்றால் இனி வருமானம் இல்லையென்றால், முழுத் தொகுப்பையும் இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற காப்பகங்களுக்கு எழுத்துப்பூர்வமான அனுமதியோடு அளிக்க வேண்டும். இன்னும் நடத்திக்கொண்டிருப்போர், மூட நேர்ந்தால் தொகுப்பு யாரிடம் போகும் என்பதை, சம்பளம் கொடுக்கப் பணம் இருக்கும்போதே ஒப்பந்தத்தில் எழுதி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நூல்களில் தொழில் கற்ற ஒரு நிரலாளர்